புல்லுக்கு அடியில் கிடந்த சிமெண்ட் பாளம்

எங்கள் வீட்டுப் பின்புறம் 30 அடிக்கு 20 அடி, ஆக 600 சதுர அடியில் ஒரு புல்தரை இருக்கிறது. 2023 ஆகஸ்டில் போட்டது. நர்சரிக்காரர்கள் கொரியன் புல்லைத் துண்டு துண்டாகப் பாய் மாதிரி மேட்டாகவே கொண்டுவந்து ஒரே நாளில் விரித்துவிட்டுப் போனார்கள். இரண்டு மூன்று மாதம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மகள் பள்ளிவிட்டு வந்ததும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக அங்கேதான் ஓடுவாள்.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. சென்னை மடிப்பாக்கத்தில் எங்களைப் போல இருப்பவர்களுக்கு அந்த இரண்டு நாளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்கு விளங்கவே இல்லை. தெருவில் தண்ணீர் வடிந்து மூன்று நாள் ஆன பிறகும் எங்கள் புல்தரையில் மட்டும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டுத் தோட்டம் காயத் தொடங்கிவிட்டது. எங்களுடையது குட்டை மாதிரி கிடந்தது.

ஒரு வழியாக வடிந்தபோது புல் மஞ்சளாகியிருந்தது. சத்து எல்லாம் தண்ணீரோடு போயிருக்கும் என்று நினைத்து, 2 கிலோ யூரியாவை ஒரே தடவையில் தூவிவிட்டேன். இந்த அளவு இடத்துக்கு அரை கிலோவே போதும். அதுவும் வேர் தெளிந்த பிறகு போட வேண்டியது. பத்து நாளில் புல் கரும்பச்சையாகத் துளிர்த்தது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம்.

ஜனவரி முதல் வாரத்தில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு வட்டம் காய்ந்து தெரிந்தது. அடுத்த வாரம் அது சைக்கிள் சக்கரம் அளவு ஆனது. பக்கத்தில் இன்னும் நான்கு வட்டங்கள். காலை ஆறரை மணிக்குக் குனிந்து பார்த்தால், வட்டத்தின் விளிம்பில் புல் செம்பு நிறத்துக்கு மாறியிருக்கும். பனி காயாத நேரத்தில் அந்த விளிம்பில் மட்டும் சிலந்தி நூலை விட மெல்லிய வெள்ளை இழைகள் இலைக்கு இலை பாலம் போட்டிருக்கும். வெயில் ஏறியதும் மறைந்துவிடும். பத்து மணிக்கு மேல் பார்ப்பவர்களுக்கு வெறும் காய்ந்த புல்தான் தெரியும். பூஞ்சையா, வெறும் வறட்சியா என்ற சந்தேகம் யாருக்காவது இருந்தால், சூரியன் வருவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள்.

கடையில் கேட்டு கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை வாங்கினேன். லிட்டருக்கு 1 கிராம் கலந்து, இரண்டு தடவை அடித்தேன். வட்டங்கள் பரவும் வேகம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் சுவரை ஒட்டிய தாழ்ந்த மூலையில் ஒரு பலனும் இல்லை. அங்கே புல் எண்ணெய் பட்டது போலக் கருத்து, வழவழவென்று மண்ணோடு ஒட்டிக் கிடந்தது.

பொங்கலுக்குத் திருவாரூரிலிருந்து அப்பா வந்தார். நாற்பது வருஷம் நெல் போட்டவர். புல்தரையில் உட்கார்ந்து, வட்டத்தின் ஓரத்தில் ஒரு குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தார். சிரமமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடித்தண்டைச் சுற்றியிருந்த உறை பழுப்பாக அழுகியிருந்தது. மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"இது நம்ம வயல்ல வர்ற இலையுறைக் கருகல் மாதிரியே இருக்கேப்பா. யூரியாவ அள்ளிக் கொட்டுனியா?"

"2 கிலோ போட்டேன்பா."

"தண்ணி நின்ன மண்ணுலயா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் எழுந்து அந்தக் கருத்த மூலைக்குப் போனார். "இது வேற. கத்திரி நாத்து, மிளகா நாத்து அழுகுமே, அந்த ஜாதி. மருந்தெல்லாம் அப்புறம் அடிச்சுக்கலாம். முதல்ல தண்ணிய வடி."

மறுநாள் இரண்டு இடத்திலிருந்தும் மண்ணோடு புல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போனேன். அங்கிருந்த அலுவலரும் ஏறக்குறைய அப்பா சொன்னதையே சொன்னார். வட்டம் போடுவது ரைசோக்டோனியா. நெல்லில் இலையுறைக் கருகல் உண்டாக்கும் ரைசோக்டோனியா சொலானியும் அதே இனம்தான். புல்லும் நெல்லும் ஒரே குடும்பம் என்பதால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மூலையில் இருப்பது பித்தியம். நாற்றழுகல் நோய்க்குக் காரணமானது அதுதான். பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் உண்மையில் அது பூஞ்சை இனமே கிடையாது, அதனால் கார்பென்டாசிம் அதை ஒன்றும் செய்யாது என்றார். அதன் வித்துகளுக்கு வால் உண்டு, தேங்கிய தண்ணீரில் நீந்திப் போய் வேரைப் பிடிக்கும். மெட்டலாக்சிலும் மேங்கோசெப்பும் கலந்த மருந்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் அந்த மூலைக்கு மட்டும் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன், நின்றது. ஆனால் அப்பா சொன்ன வேலை அப்படியே பாக்கி இருந்தது.

தண்ணீர் ஏன் வடியவில்லை என்று தெரிந்துகொள்ள, ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பினேன். முதல் தடவை உறிஞ்சியதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. மண் நனைந்த பிறகு இரண்டாவது தடவை நிரப்பி, ஸ்கேலை நட்டு வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். முன்வாசல் பக்கம் வெட்டிய குழியில் 4 செ.மீ. இறங்கியிருந்தது. களிமண்ணுக்கு அது பரவாயில்லை. பின்புறப் புல்தரையில் அரை செ.மீ. கூட இறங்கவில்லை. மறுநாள் காலையிலும் பாதிக் குழி தண்ணீர் அப்படியே இருந்தது.

ஒரே மனை, ஒரே களிமண். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? குழியைக் கொஞ்சம் அகலப்படுத்தலாம் என்று சுவர்ப் பக்கம் கடப்பாரையைப் போட்டேன். அரை அடியில் 'டங்' என்று சத்தம்.

மண்ணை விலக்கிப் பார்த்தால் சிமெண்ட் பாளம். வீடு கட்டும்போது அந்த இடத்தில்தான் கலவை போட்டிருக்கிறார்கள். மிச்சக் கலவையும் கழுவிய சிமெண்ட் பாலும் இறுகி, 12 அடி நீளம், 4 அடி அகலம், இரண்டு மூன்று அங்குல கனத்தில் பலகை போலக் கிடந்தது. வேலை முடிந்ததும் அதன் மேலேயே செங்கல் துண்டும் ரப்பிஷும் தள்ளி, அதற்கு மேல் செம்மண் கொட்டி மட்டம் செய்திருக்கிறார்கள். அந்தச் செம்மண் மேல்தான் எங்கள் புல் மேட். அந்த மேட்டிலேயே ஓர் அங்குலத்துக்குப் பிசுபிசுப்பான களிமண். மூன்று பக்கம் காம்பவுண்டு சுவரின் அடித்தளம், நாலாவது பக்கம் வீடு. தொட்டிக்குள் புல் வளர்த்திருக்கிறோம்.

பாளத்துக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்கு மண் கறுப்பாக இருந்தது. கையில் எடுத்து உடைத்தால் அழுகிய முட்டை நாற்றம். காற்றே போகாத மண்ணில்தான் இந்த வாடை வரும். மண்ணின் துளைகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால் ஒன்றிரண்டு நாளில் வேருக்குக் கிடைக்க வேண்டிய ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பாகி, மேட்டுக்குக் கீழே ஓர் அங்குலம்கூட இறங்காமல் நின்றிருந்தன. இப்படிப் பட்டினி கிடந்த வேருக்கு நான் யூரியா போட்டு, தளதளவென்று மெல்லிய இலையை வளர்த்துப் பூஞ்சைக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கறுப்பு மண்ணைக் கையில் வைத்திருந்தபோது மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

இன்னொன்றும் அன்றுதான் கண்ணில் பட்டது. மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் பைப், மழைநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டபோது பிளம்பர் ஒருவர் அறுத்துத் திருப்பிவிட்டதிலிருந்து, புல்தரையின் மூலையிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 செ.மீ. மழைக்குப் புல்தரையில் நேராக விழுவது சுமார் 2,800 லிட்டர். 1,000 சதுர அடி மாடியிலிருந்து வந்து சேர்வது 4,600 லிட்டர். மேலிருந்து விழுவதை விட மாடியிலிருந்து வருவது அதிகம்! தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எங்கள் வீட்டில் அந்தத் தொட்டி மண் மூடிக் கிடந்தது. முதல் வேலையாக அதைத் தூர்வாரி, பழைய ஜல்லியை அலசிப் போட்டு, பைப்பை அங்கேயே திருப்பினோம். செலவு குறைவு. பலன் மட்டும் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம். உங்கள் புல்தரையில் தண்ணீர் நின்றால், மண்ணைக் குறை சொல்வதற்கு முன்னால் மாடியைப் பாருங்கள்.

மார்ச் மாதம் வெயில் ஏறியதும் பாளத்தை எடுத்தோம். நன்றாக இருந்த புல்லை ஓரடிச் சதுரமாக வெட்டி எடுத்து, மாமர நிழலில் ஈரச் சாக்கு போட்டு வைத்தோம். நோய் பிடித்ததைத் தனியாகக் கட்டிக் குப்பைக்கு அனுப்பினேன், உரக்குழியில் போடவில்லை. இரண்டு ஆட்கள் ஒன்றரை நாள் கடப்பாரை போட்டு, பாளத்தையும் செங்கல் துண்டுகளையும் வாரி வெளியேற்றினார்கள்.

அதற்கப்புறம் வடிகால். தாழ்ந்த பக்கமாக 30 அடி நீளம், ஓரடி அகலம், தொடங்கும் இடத்தில் ஒன்றரை அடி ஆழம். 100 அடிக்கு 1 அடி சரிவு வேண்டும், அதாவது 30 அடிக்கு மூன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். கண்ணால் பார்த்து இந்தச் சரிவைக் கொண்டுவர முடியாது. தண்ணீர் நிரப்பிய லெவல் ட்யூப் வைத்து, ஐந்தடிக்கு ஒரு முளை அடித்து, நூல் கட்டித்தான் வெட்டினோம். 4 அங்குல பிவிசி பைப்பில் 6 மி.மீ. டிரில்லால் இரண்டு வரிசை துளை போட்டேன். பைப்பைக் குழியில் வைக்கும்போது மேஸ்திரிக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம்.

"சார், ஓட்டை மேல் பக்கம் இருந்தாத்தானே தண்ணி உள்ள இறங்கும்?"

"மேல இருந்தா மண்ணும் சேர்ந்து இறங்கும் மேஸ்திரி. தண்ணி குழியில கீழேர்ந்துதான் நிரம்பி வரும். ஓட்டை கீழ இருந்தா வந்த உடனே பைப்ல ஏறி ஓடிடும். மேல வச்சா பைப் முழுகுற வரைக்கும் தண்ணி மண்ணுலயே நிக்கும்."

அவர் நம்பவில்லை. ஐந்தடிக் குழியில் ஜல்லி பரப்பி, பைப்பை இரண்டு விதமாகவும் வைத்து, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். துளை கீழே இருந்தபோது முதல் இரண்டு பக்கெட்டிலேயே பைப் முனையில் தண்ணீர் வந்தது. "அப்ப சரி சார்" என்று அவரே மீதியை அப்படி வைத்தார். பைப்பைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால், துளைகள் நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் இருக்க வேண்டும்.

குழியில் முதலில் மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதன் மேல் இரண்டு அங்குல உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி, பைப், மறுபடி ஜல்லி, துணியை மடித்து மூடி மேலே மணல், கடைசியில் மண்ணும் புல்லும். அரை யூனிட் ஜல்லி வாங்கியதில் கொஞ்சம் மிஞ்சியது. துணியை மிச்சம் பிடிக்காதீர்கள். களிமண் ஜல்லி இடுக்கில் புகுந்துவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் எல்லாம் அடைத்துவிடும்.

வடிந்த தண்ணீரை எங்கே விடுவது என்பதுதான் எங்கள் பகுதியில் பெரிய பிரச்சினை. தெரு ஒவ்வொரு தடவை போடும்போதும் உயர்ந்து, இப்போது எங்கள் தோட்டத்தை விட மேலே இருக்கிறது. பைப் தானாகத் தெருவுக்கு ஓடாது. அதனால் மூலையில் 3 அடி விட்டத்தில் சிமெண்ட் உறைகள் இறக்கி, பைப் மட்டத்துக்குக் கீழே 4 அடி ஆழம் இருக்கும்படி ஒரு குழி செய்தோம். அதில் 800 லிட்டர் பிடிக்கும். சாதாரண மழையை அது மெதுவாகப் பூமிக்குள் விட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் உறைக்குழியும் நிரம்பி நிற்கும். அதற்காக அரை குதிரைத்திறன் மோட்டாரும், தண்ணீர் ஏறியதும் அதைத் தானாக ஓடவைக்கும் ஃப்ளோட் சுவிட்சும் போட்டுத் தெருவோர மழைநீர் வடிகாலுக்கு இறைக்கிறோம். சாக்கடைக் குழாயில் இணைக்கக் கூடாது. மழைத் தண்ணீர் அதில் சேர்ந்தால் தெருவில் யார் வீட்டிலாவது கழிவுநீர் எதிர்த்து வரும்.

ஜிப்சம் போடு, களிமண் இளகிவிடும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு 25 கிலோ போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. பிறகு மண் பரிசோதனை செய்ததில் எங்கள் மண் களர் இல்லை என்று வந்தது. சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் ஜிப்சம் வேலை செய்யும். பரிசோதனையை முதலில் செய்திருக்க வேண்டும்.

ஜூலையில், இறுகிய மண்ணுக்குள் காற்றும் தண்ணீரும் இறங்கத் துளை போடும் வேலை. முள்கரண்டி மாதிரிக் கருவியால் குத்தினால் களிமண் பக்கவாட்டில் இன்னும் இறுகும். மண்ணை வெளியே எடுக்க வேண்டும். முக்கால் அங்குல ஜிஐ பைப்பை வெல்டிங் பட்டறையில் கொடுத்து, முனையைக் கூராக்கி, பக்கத்தில் ஒரு வாய் வெட்டி, மேலே டி கைப்பிடியும் மிதிக்க ஒரு கம்பியும் வைத்து வாங்கினேன். மிதித்து இழுத்தால் மூன்று அங்குல நீளத்துக்கு மண் முறுக்கு மாதிரி வெளியே வரும். அரை அடிக்கு ஒன்று என்று 600 சதுர அடிக்கு 2,400 துளைகள். ஒரு சாயங்காலத்துக்கு 400 வீதம் ஆறு நாள். தோள்பட்டை கழன்றது போல் இருந்தது, ஆனால் இந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்க மனசு வரவில்லை. மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் தடையில்லாமல் இறங்கி, இழுத்தால் சேறு ஒட்டாமல் வர வேண்டும்.

துளைகளை மணலும் மக்கிய உரமும் கலந்து நிரப்பினேன். மேலே கால் அங்குலம் பரப்புவதற்குப் பன்னிரண்டரை கன அடி ஆனது. மணலில்தான் பலரும் தவறுகிறார்கள். ஆற்று மணல் கிடைப்பதில்லை, எம் சாண்ட் வாங்க வேண்டும். ஒரு பாட்டிலில் பாதி மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்துப் பாருங்கள். மேலே தூள் தடிமனாகப் படிந்தால் அந்த மணல் வேண்டாம். பூச்சு வேலைக்கான பி சாண்ட் வேண்டவே வேண்டாம். களிமண்ணோடு சேர்ந்து செங்கல் மாதிரி இறுகும்.

செப்டம்பரில், மழை தொடங்கும் முன், 50 கிலோ தொழுவுரத்தில் 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, தண்ணீர் தெளித்து, நிழலில் ஈரச் சாக்கு மூடிப் பத்து நாள் வைத்தேன். திறந்தபோது உரத்தின் மேல் பச்சைப் பூசணம் படர்ந்திருந்தது. அது வேறு பூஞ்சைகளைத் தின்று வளரும் நல்ல பூஞ்சை. அதைத் தூவினேன். அதன் பிறகு எந்தப் பூஞ்சைக்கொல்லியும் தொடவில்லை. அடித்தால் இதுவும் சேர்ந்து செத்துவிடும்.

தண்ணீர் விடுவது காலையில் மட்டும், அதுவும் விரலை மண்ணில் விட்டுப் பார்த்த பிறகு. முன்பு சாயங்காலம் ஏழு மணிக்கு விடுவோம், இலை இரவு முழுவதும் ஈரமாகவே இருக்கும், பூஞ்சை முளைக்க அது போதும். ஈரத்தில் புல் வெட்டுவதில்லை. பிளேடைச் சாணை பிடித்து, வெட்டிய புல்லை வாரி எடுத்துவிடுகிறோம். மார்கழி, தை மாதங்களில் பனியை இறக்க ஒரு வழி வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டபோது, "கூண்டுப்புழுவுக்கு மண்ணெண்ணெயில நனைச்ச கயித்த வயல் மேல இழுப்போமே, அது மாதிரி வெறும் கயித்த இழுங்க" என்றார். ஆளுக்கு ஒரு முனையாக நானும் மகளும் காலையில் இழுக்கிறோம். இலையிலிருந்து பனி பொலபொலவென்று உதிர்ந்து, கயிறு போன தடம் கரும்பச்சையாகத் தெரியும். கோல்ஃப் மைதானங்களிலும் நீள மூங்கிலை வீசி விடியற்காலையில் இதே வேலையைச் செய்வார்கள்.

2024 அக்டோபர் 15 மழைதான் முதல் பரீட்சை. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் நின்றது, ஆனால் மழை விட்டு இரண்டு மணி நேரத்தில் புல் நுனி வெளியே வந்துவிட்டது. காலையில் நடந்தால் சொதசொதவென்று இருந்தது, அவ்வளவுதான். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் நிலைமை மோசம். கரண்ட் போய் மோட்டார் நின்றது. ஐந்து மணி நேரம் தண்ணீர் நின்ற பிறகுதான் மறுபடி இறைத்தது. அடுத்த நாள் அந்த மோட்டாருக்கு இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்தோம்.

டிசம்பர் கடைசியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் வந்தது. அதைச் சுற்றி ஓரடி விட்டு வெட்டி எடுத்து, டிரைக்கோடெர்மா உரம் போட்டு, ஓரத்துக்கு மட்டும் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாவை லிட்டருக்கு 10 கிராம் கலந்து தெளித்தேன். பொங்கலுக்குள் பக்கத்துப் புல் கொடி விட்டு அந்த இடத்தைப் பாதி மூடிவிட்டது. இந்தத் தடவையும் அப்பா உட்கார்ந்து ஒரு குருத்தை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார், இலைதான் அறுந்தது.

பித்தியம் பிடித்த அந்த மூலையில் கொய்யா மர நிழல், காலை வெயில் பத்தரைக்கு மேல்தான் விழுகிறது. மூன்று தடவை புல் வைத்தும் மெலிந்துகொண்டே போனது. இப்போது அங்கே புல் வேண்டாம் என்று விட்டுவிட்டு, மிஞ்சிய ஜல்லியைப் பரப்பி, இரண்டு கல் போட்டிருக்கிறோம். மகள் செருப்பைக் கழற்றி வைப்பது இப்போது அந்தக் கல்மேல்தான்.